விழுவதற்கு இடம் தேடியவர்கள் முதலில் பறந்தார்கள், தெரியுமா?

விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள், ஆளைத் தூக்கும் இறக்கை கட்டுவதற்கு முன்பே எதைத் தேடினார்கள் தெரியுமா? விழுந்தாலும் எலும்பு முறியாத ஓர் இடத்தை! அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த அந்த அண்ணனும் தம்பியும் வானிலைத் துறைக்குக் கடிதம் போட்டு, எந்த ஊரில் எவ்வளவு காற்றடிக்கிறது என்று கேட்டு வாங்கினார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்த ஊர்தான் வட கரோலைனா கடற்கரையில் இருக்கும் கிட்டி ஹாக். நிற்காத காற்று, மெத்தென்ற மணல், வேடிக்கை பார்க்கவும் கேலி செய்யவும் ஆளில்லாத தனிமை. அவர்களுக்கு வேண்டியது இந்த மூன்றும்தான்.

புதிதாக ஒன்றைத் தொடங்கத் தயங்குகிறவரிடம் 'பயப்படாதே' என்கிறோம். அப்படிச் சொல்லி யாருக்குப் பயம் போயிருக்கிறது? அண்ணன் வில்பரும் தம்பி ஆர்விலும் பயத்தோடு மல்லுக்கு நிற்கவே இல்லை. தோற்றால் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டு, அந்த அளவைச் சுருக்கிக்கொண்டே வந்தார்கள். எனக்குத் தெரிந்தவரை அவர்கள் கதையின் பெரிய அதிசயம் இதுதான்.

பயப்படக் காரணம் இல்லாமலா? இன்ஜின் இல்லாத கிளைடரில் ஏறத்தாழ 2,000 முறை மிதந்து காட்டிய ஜெர்மானியர் ஓட்டோ லிலியந்தால், 1896 ஆகஸ்ட்டில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்து இறந்துபோனார். அந்தச் சாவுச் செய்திதான் ரைட் சகோதரர்களின் பறக்கும் ஆசையையே கிளறிவிட்டது என்றால் நம்புவீர்களா? மூத்தவர் வில்பரோ ஏற்கெனவே வாழ்க்கையில் ஒருமுறை முடங்கிக் கிடந்தவர். பதினெட்டு வயதில் ஐஸ் ஹாக்கி மட்டை முகத்தில் பட்டுப் பற்கள் போக, யேல் பல்கலைக்கழகக் கனவும் கூடவே போனது. காசநோய்க்கார அம்மாவைக் கவனித்துக்கொண்டு சில வருஷம் வீட்டோடு கிடந்தார். கல்லூரிப் படிப்பு இரண்டு பேருக்குமே கிடையாது!

முதல் கிளைடர் 1900-ல் தயார். செலவு எவ்வளவு? சுமார் 15 டாலர்! அதிலும் உடனே ஏறிப் படுத்துவிடவில்லை. கயிறு கட்டிப் பட்டம் மாதிரி பறக்கவிட்டார்கள். ஆளுக்குப் பதிலாகச் சங்கிலியை எடைக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அந்த வருஷம் மனிதர் ஏறிப் பறந்தது மொத்தம் சில நிமிஷம்தான். ஊருக்குக் கிளம்பும்போது கிளைடரை மணலிலேயே போட்டுவிட்டுப் போக, அந்த ஊர்ப் பெண்மணி ஒருவர் இறக்கைத் துணியை உருவித் தன் இரண்டு பெண் குழந்தைகளுக்கும் கவுன் தைத்துவிட்டார்!

1901 அவர்களை நிஜமாகவே உடைத்துப் போட்டது. புத்தகக் கணக்குப்படி கட்டிய பெரிய கிளைடர், எதிர்பார்த்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தூக்குவிசைதான் தந்தது. மனிதன் பறக்க இன்னும் ஐம்பது வருஷம் ஆகும் என்று தம்பியிடம் சொல்லி நொந்துகொண்டார் வில்பர். பிறகு செய்த காரியத்தைப் பாருங்கள்! ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி, ஒரு முனையில் விசிறி, உள்ளே சைக்கிள் ஸ்போக்கும் ரம்பத்தகடும் வைத்துச் செய்த தராசு. இதுதான் அவர்களுடைய காற்றுச் சுரங்கம்! சைக்கிள் கடையில் அந்தக் குளிர்காலத்துக்குள் சுமார் 200 குட்டி இறக்கைகளைச் சோதித்தார்கள். ஒவ்வொரு தோல்விக்கும் போனது ஒரு துண்டுத் தகடு மட்டும்தான். உலகம் நம்பிக்கொண்டிருந்த கணக்கில் இருந்த கோளாறு அங்கேதான் அகப்பட்டது. அடுத்த வருஷம் புதிய கிளைடரில் கிட்டத்தட்ட ஆயிரம் முறை மிதந்து இறங்கினார்கள். அவ்வளவு பழக்கமும் இன்ஜின் பொருத்துவதற்கு முன்னாலேயே!

அதே சமயம் வாஷிங்டனில் என்ன நடந்தது தெரியுமா? ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் சாமுவேல் லாங்லி, நாடே மதித்த விஞ்ஞானி. ஆளில்லாத நீராவி விமானங்களை 1896-லேயே பறக்கவிட்டவர். ராணுவம் 50,000 டாலர் கொடுத்தது. படகு வீட்டுக் கூரையிலிருந்து ஆளோடு ஏவினார்கள், பத்திரிகைக்காரர்கள் பார்க்க. 1903 அக்டோபர் 7-ல் விமானம் நேராக ஆற்றில் விழுந்தது. டிசம்பர் 8-லும் ஆற்றில்தான். ஓட்டியவர் மூழ்காமல் தப்பியதே பெரிது. அவருக்குப் பறந்து பழக்கமே இல்லை! நாடு சிரித்த சிரிப்பிலிருந்து லாங்லி மீளவில்லை. அவரைச் சின்னவராக நினைத்துவிடாதீர்கள். அறிவில் குறைவில்லை. தவறிவிழச் சின்ன இடம் எதையும் அவர் தனக்கு வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். முதல் தோல்வியான இரண்டே நாளில் நியூயார்க் டைம்ஸ் தலையங்கம், பறக்கும் இயந்திரம் வருவதற்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வருஷம் ஆகலாம் என்று எழுதியது. ஆனதோ 69 நாள்!

டிசம்பர் 14-ல் ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் பக்கத்து மணல்மேட்டில் நாணயம் சுண்டிப் பார்த்ததில், இன்ஜின் பொருத்திய விமானத்தில் ஏறும் வாய்ப்பு வில்பருக்கு. மூன்றரை விநாடியில் விமானம் மணலில் குத்தி நின்றது. தோல்வியா? வெற்றியில் இனிச் சந்தேகமே இல்லை என்று அன்றே வீட்டுக்கு எழுதினார் அவர்! பழுது பார்த்து, 17-ம் தேதி காலை தம்பி ஏறினார். 12 விநாடி, 120 அடி. இன்றைய ஜம்போ ஜெட்டின் இறக்கை விரிவுக்கு உள்ளேயே அந்த முழுப் பயணமும் அடங்கிவிடும்! அன்றைய நான்காவது ஓட்டத்தில் அண்ணன் 59 விநாடி, 852 அடி பறந்தார். மொத்தச் செலவு ஆயிரம் டாலருக்குள்.

அந்தப் புகழ்பெற்ற முதல் படத்தை எடுத்தவர் யார்? உயிர்காப்பு நிலையத்து ஊழியர் ஜான் டேனியல்ஸ். அதற்கு முன் கேமராவையே தொட்டதில்லை! அன்றே காற்று விமானத்தைப் புரட்டியபோது விடாமல் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து உருண்டவரும் அவரே. அடுத்த வருஷம் ரைட் சகோதரர்கள் வானத்தில் முழு வட்டம் போட்டதைக் கண்ணால் பார்த்தவர் விரிவாக எழுதியதை முதலில் வெளியிட்டது எது தெரியுமா? தேனீ வளர்ப்புப் பத்திரிகை!

அந்த 1903 விமானம் இன்று வாஷிங்டனில் லாங்லி தலைமை தாங்கிய அதே ஸ்மித்சோனியனின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆற்றில் விழுந்த லாங்லியின் விமானத்தையும் சீர்செய்து, பக்கத்து வர்ஜீனியாவில் உள்ள அதன் கிளையில் வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா போகிறவர்கள் ஒன்றோடு திரும்பிவிடாமல் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.