மயில்வாகனம் நிமலராஜன்

மயில்வாகனம் நிமலராஜன் (இறப்பு: ஒக்டோபர் 19, 2000) யாழ்ப்பாணத்தில் இருந்து செயற்பட்ட ஊடகவியலாளர். பிபிசியின் தமிழ், சிங்கள சேவைகளுக்கும் வீரகேசரி, ராவய ஆகிய பத்திரிகைகளுக்கும் செய்தி அனுப்பினார். போர்க்காலத்தில் வெளியூர்ச் செய்தியாளர்கள் குடாநாட்டுக்குள் எளிதில் போக முடியவில்லை. அங்கு நடப்பவை வெளியே தெரிய இவரைப் போன்ற ஒரு சிலரே வழி. வெளியிலிருந்து வருபவர் எழுதிவிட்டுத் திரும்பிவிடலாம். இவரோ தம் செய்திகளால் சினமுற்றவர்கள் நடமாடிய நகரிலேயே குடும்பத்தோடு வாழ்ந்தார்.

2000 ஒக்டோபர் 10 நாடாளுமன்றத் தேர்தலில் நடந்த மிரட்டல், வாக்கு மோசடி பற்றி அவர் செய்தி வெளியிட்டார். ஒன்பதாம் நாள் இரவு, வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது யன்னல் வழியாகச் சுடப்பட்டார். தந்தை கத்தியால் தாக்கப்பட்டார். வீசப்பட்ட கைக்குண்டினால் தாயும் குடும்பத்துச் சிறுவன் ஒருவனும் காயமடைந்தனர். அப்போது ஊரடங்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. வீடு இருந்ததோ இராணுவக் காவல் மிகுந்த பகுதி. அந்நேரத்தில் ஆயுதங்களுடன் வந்தவர்கள் தடையின்றித் திரும்பியது எப்படி என்பதே இவ்வழக்கின் முதற்கேள்வி.

கைதான சந்தேக நபர்களை விடுவிக்குமாறு சட்டமா அதிபர் 2021-இல் அறிவுறுத்தினார். 2022 பெப்ரவரியில் பிரித்தானியக் காவல்துறை இக்கொலை தொடர்பாக அந்நாட்டில் ஒருவரைக் கைது செய்து, விசாரணை தொடரும் நிலையில் விடுவித்தது.