மூன்று அஞ்சற்பெட்டிகளும் ஒரு சல்லடையும்

பாலாற்றங்கரையில் உள்ள ஆம்பூர் தோலுக்கும் காலணிக்கும் பெயர்பெற்ற ஊர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவ்வூரில், காலணியின் மேற்பகுதிகளைத் தைத்துக் கொடுக்கும் சிறு பட்டறை ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனிப்பது என் வேலை. அலுவலகத்திற்கு ஒன்று, மாதிரிகள் பற்றிய கடிதங்களுக்கு ஒன்று, என் சொந்தப் பெயரில் ஒன்று என மூன்று மின்னஞ்சல் கணக்குகள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஒரு சமயம், அயல்நாட்டு வணிகர் ஒருவர் திருத்திய மாதிரி கேட்டு எழுதிய கடிதம், இரண்டாம் கணக்கின் குப்பைப் பெட்டிக்குள் 19 நாட்கள் கிடந்துவிட்டது. நான் அதைக் கண்டெடுத்தபோது அவர் வேறு ஊருக்கு வேலையைக் கொடுத்துவிட்டார். பிழை என்னுடையதே, அப்பெட்டியை நான் திறந்து பார்த்ததே இல்லை. அன்று முதல் இச்சல்லடை எவ்வாறு இயங்குகிறது என்று கற்கத் தொடங்கினேன்.

வேண்டாத விளம்பர அஞ்சல் புதிய தொல்லை அன்று. 1978ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் நாள், அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனமொன்றின் விற்பனையாளரான கேரி தூர்க் என்பவர், ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அர்ப்பாநெட் வலையின் வழியே அனுப்பினார். இதனையே முதல் ‘ஸ்பேம்’ என்பர். அஞ்சல்தலைச் செலவு இல்லாததால் இத்தொல்லை பின்னர் பல்கிப் பெருகியது.

இதைத் தடுக்கும் சல்லடை இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. முதலாவது, ‘அனுப்பியவர் உண்மையானவர்தாமா?’ என்பது. ஒரு நிறுவனம், தன் பெயரில் அஞ்சல் அனுப்பும் உரிமை எந்தெந்தக் கணிப்பொறிகளுக்கு உண்டு என்று ஒரு பட்டியலை வெளியிட்டு வைக்கலாம், இம்முறைக்கு எஸ்.பி.எஃப். என்று பெயர். கடிதத்தின் மீது கணித முத்திரை ஒன்றைப் பதிப்பது டி.கே.ஐ.எம். முறை. பட்டியலில் இல்லாத இடத்திலிருந்து வந்தாலோ, முத்திரை பொருந்தாவிட்டாலோ, ஐயம் எழும்.

இரண்டாவது கேள்வி, ‘கடிதம் என்ன சொல்கிறது?’ என்பது. இங்கே துணைக்கு வருபவர் 1761இல் மறைந்த ஆங்கிலேயப் பாதிரியார் தாமஸ் பேயிஸ். அவருடைய நிகழ்தகவுக் கட்டுரை 1763இல் வெளிவந்தது. ஓர் எளிய எடுத்துக்காட்டைக் காண்போம். நல்ல கடிதம் 100, குப்பை 100 நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். ‘பரிசு’ என்னும் சொல் குப்பையில் 38 கடிதங்களிலும், நல்லவற்றில் 2 கடிதங்களிலும் காணப்படுகிறது. அப்படியானால் அச்சொல் உள்ள 40 கடிதங்களில் 38 குப்பை. அதாவது நூற்றுக்கு 95. இவ்வாறு ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து முடிவு காண்பதே முறை. 2002இல் பால் கிரகாம் என்பவர் எழுதிய கட்டுரைக்குப் பின் இது பரவலாயிற்று.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. உலகத்தார் கடிதங்களைப் படித்துத் தேறிய சல்லடைக்கு, ‘அவசரம்’, ‘பணம்’, ‘இணைப்பைக் காண்க’ ஆகியவை ஐயத்துக்குரிய சொற்கள். எங்கள் தொழிலிலோ அவை அன்றாடச் சொற்கள். ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கும் தொழிலாளி பல ஆண்டுகள் தடவிப் பார்த்தன்றோ கை பழகுகிறார்? சல்லடையும் நம் கடிதங்களைக் கொண்டே பழகவேண்டும். கணக்குகள் மூன்றானால், மூன்று சல்லடைகள் தனித்தனியே பழகுகின்றன. ஒன்று கற்ற பாடம் மற்றொன்றுக்குத் தெரியாது.

இரண்டு கணக்குகளின் அஞ்சலை மூன்றாவதற்குத் திருப்பிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் திருப்பிவிடப்பட்ட கடிதம் இடையிலுள்ள கணிப்பொறியிலிருந்து வருகிறது; அனுப்பியவரின் பட்டியலில் அதன் பெயர் இராது. ஆகவே நல்ல கடிதமும் ஐயத்திற்கு உள்ளாகலாம். மேலும் பழைய பெட்டியின் குப்பை, திருப்பிவிடப்படாமல் அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

இப்போது நான் கைக்கொள்ளும் முறை வருமாறு. தண்டர்பேர்ட் போன்றதொரு செயலியில் மூன்று கணக்குகளையும் ஐமேப் முறையில் இணைத்துள்ளேன். பழைய பாப் முறை வரவுப்பெட்டியை மட்டுமே இறக்கித் தரும். ஐமேப் முறையில் குப்பைப் பெட்டிகளும் கண்முன் நிற்கும். செயலியின் சல்லடையை ஒவ்வொரு கணக்கிலும் இயங்கச் செய்தேன். அது கற்கும் பாடம் மூன்றுக்கும் பொதுவாகிறது. நாங்கள் வணிகம் செய்வோரின் முகவரிகளை எல்லாக் கணக்குகளிலும் பதிந்து, ‘இவற்றைக் குப்பையில் இடாதே’ என்று விதி வகுத்தேன். குப்பை வரவுப்பெட்டிக்கு வந்தால் வெறுமனே அழிப்பதில்லை. குப்பை என்று குறிக்கிறேன். நல்லது குப்பைக்குப் போயிருந்தால், நல்லது என்று குறித்து மீட்கிறேன். இரண்டு பாடங்களும் சல்லடைக்கு வேண்டும். நாள்தோறும் காலையில் மூன்று குப்பைப் பெட்டிகளையும் ஒருமுறை பார்வையிடுகிறேன். ஜிமெயிலில் 30 நாட்களுக்குப்பின் அவை தாமே அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

சல்லடையின் கண்ணைச் சிறிதாக்கினால் நல்ல கடிதம் சிக்கிக்கொள்ளும்; பெரிதாக்கினால் குப்பை நுழையும். விளம்பரம் ஒன்று உள்ளே வந்தால் ஒரு நொடி வீணாகும். வேலை தரும் கடிதம் ஒன்று வெளியே நின்றால் பலருடைய கூலி போய்விடும். எனவே நான் கண்ணைச் சற்றுப் பெரிதாகவே வைத்திருக்கிறேன்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய எண்ணுக்குப் பணம் அனுப்புக’ என்று, பழகிய வணிகரின் நடையிலேயே ஒரு கள்ளக் கடிதம் வரலாம். அதில் உள்ள சொற்கள் யாவும் நல்ல சொற்களே. அவ்வணிகரின் கணக்கையே ஒருவன் திருடியிருந்தால், முத்திரையும் பொருந்தும். அதைப் பிரிக்கும் சல்லடை நம்முடைய அறிவுதான். கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அன்று, முன்பே நம்மிடம் உள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணில் முறையிடுங்கள். பொறிக்குப் பாடம் சொல்லும் ஆசிரியர் நாமே என்பதை நினைவிற் கொள்வோமாக.