தொடக்கக் கட்டளைகளை வாசிப்பது எந்த ஷெல்?

கணினி ஒன்றின் விசையை அழுத்திய பின் அது பணிக்கு ஆயத்தமாவதற்குச் சிறிது நேரம் செல்கின்றது. அந்நேரத்தில் வட்டுகளைப் பரிசோதித்தல், கடிகாரத்தைச் சரிசெய்தல், வலையமைப்புடன் தொடுத்தல் முதலிய வேலைகள் நடைபெறுகின்றன. யூனிக்ஸ் மரபில் வந்த கணினிகளில் இவ்வேலைகளுக்கான கட்டளைகள் நெடுங்காலமாகச் சாதாரண எழுத்துக் கோப்புகளிலேயே எழுதிவைக்கப்பட்டு வந்தன. அவற்றை வரிவரியாக வாசித்து நிறைவேற்றும் நிரலுக்கு ‘ஷெல்’ என்று பெயர். தேங்காய்ப் பருப்பைச் சிரட்டை சூழ்ந்திருப்பது போல, இயங்குதளத்தின் கருவைச் சூழ்ந்து நின்று மனிதனின் கட்டளையை அதனிடம் சேர்ப்பது ஷெல்லாகும்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவன் போர்ன் என்பார் ஆக்கிய ஷெல், 1979ஆம் ஆண்டில் யூனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்தது. ‘எஸ்எச்’ என்பதே அதன் பெயர். பத்தாண்டுகளின் பின்னர், 1989இல், பிரயன் பொக்ஸ் என்பார் ‘பாஷ்’ எனும் ஷெல்லை எழுதினார். லினக்ஸ் தளங்கள் பலவற்றில் ‘எஸ்எச்’ என்று அழைத்தால் வந்து நின்றது பாஷே. மனிதர் நேரே அமர்ந்து கட்டளையிடுவதற்கு அதனிடம் வசதிகள் மிகுதி. ஆயின் வசதி மிகுந்தது உருவிலும் பெரிதாயிற்று. தொடக்க வேளையில் ஷெல் ஒரு முறையன்று, பல நூறு முறை அழைக்கப்படலாம். ஒவ்வோர் அழைப்பிலும் நேரும் சிறு தாமதமும் சேர்ந்து பெருந்தாமதமாகும்.

இதனாலேயே 2006 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 6.10 பதிப்பில், ‘எஸ்எச்’ என்ற இடத்திற்கு ‘டாஷ்’ எனும் சிறிய ஷெல் அமர்த்தப்பட்டது. கெனத் ஆல்ம்குவிஸ்ட் 1989இல் எழுதிய ‘ஆஷ்’ என்பதன் வழித்தோன்றல் இது. பொது நியமம் வேண்டுவனவற்றுடன் பெரும்பாலும் நின்றுவிடுவதால் விரைவாக எழும்.

மாற்றத்தால் இடரும் நேர்ந்தது. கட்டளைக் கோப்பின் முதல் வரி, தன்னை வாசிக்கவேண்டிய ஷெல் எதுவெனக் கூறும். பலர் அவ்வரியில் ‘எஸ்எச்’ என்று எழுதிவிட்டு, உள்ளே இரட்டைச் சதுர அடைப்பு, அணிகள் போன்ற பாஷுக்கே உரிய வழக்குகளைக் கையாண்டிருந்தனர். ‘எஸ்எச்’ எனும் பெயரால் அழைக்கப்பட்டபோதும் பாஷ் அவற்றுட் பலவற்றை ஏற்றுக்கொண்டமையால் பிழை வெளிப்படவில்லை. டாஷ் ஏற்க மறுத்ததும், நேற்றுவரை இயங்கிய கோப்புகள் இடைநடுவில் நின்றன. பரிகாரம் இரண்டு: ஒன்றில் முதல் வரியில் பாஷ் என்றே குறித்தல், அன்றேல் உள்ளிருப்பதை நியமத்திற்கு அமையத் திருத்துதல். டெபியன் குழுவினர் இத்தகைய கோப்புகளைத் தேடித் திருத்திய பின்னர், 2011இல் தமது ஆறாம் பதிப்பில் டாஷை ஏற்றனர். பயனர் கட்டளையிடும் ஷெல்லாகப் பாஷ் தொடர்ந்தது.

இத்தெரிவின் வேறொரு பயன் 2014 செப்டெம்பரில் புலனாயிற்று. ‘ஷெல்ஷொக்’ எனப்பட்ட குறைபாடு அப்போது பாஷில் வெளிப்பட்டது. சூழல் மாறியில் தந்திரமாக எழுதப்பட்ட சொற்களைப் பாஷ் கட்டளையாகக் கொண்டு நிறைவேற்றியது. டாஷ் ‘எஸ்எச்’ ஆக இருந்த கணினிகளில் அத்தாக்குதலுக்கான வழிகள் பல அடைபட்டிருந்தன. ஆயினும் பாஷை நேரே அழைத்த நிரல்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை.

2015இல் டெபியனும் உபுண்டுவும் ‘சிஸ்டம்டி’ எனும் முறையைத் தழுவியபின் தொடக்கப் பணிகளில் ஷெல்லின் பங்கு குறைந்தது. எனினும் மென்பொருட்களை நிறுவுதல் முதலியவற்றில் ‘எஸ்எச்’ இன்றும் அழைக்கப்படுகின்றது. ரெட் ஹற் வழித் தளங்களில் அது பாஷ். டெபியன் வழியில் டாஷ். ஆகவே, கோப்பை எழுதுவோர் தமது கணினியில் அது இயங்குகின்றது என்பதுடன் அமையாது, முதல் வரியிற் கூறிய ஷெல்லுக்கு உள்ளிருப்பது முற்றும் பொருந்துகின்றதா என ஆராய்தல் வேண்டும்.