நிலமும் கூட்டுறவும்: எந்தக் கதவைத் தட்டுவது?

சென்ற கோடை விடுமுறையில் என் பாட்டி ஒரு மஞ்சள் பையுடன் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார். பையில் நிலப் பத்திரமும் பழைய பட்டாவும் இருந்தன. தாத்தா காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. அதனால் பயிர்க் கடன் கிடைக்கவில்லை. “எங்கே போனாலும் இது எங்கள் வேலை இல்லை என்கிறார்களே!” என்று வருந்தினார். நிறுவனத்தின் வீட்டில் வளர்ந்த எனக்குப் பட்டா என்ற சொல்லே புதிது. அன்று அப்பா விளக்கியதை என் தோழியரும் அறிய வேண்டும் என்பதே என் ஆவல்.

நமது அரசியலமைப்பின்படி நிலமும் கூட்டுறவுச் சங்கங்களும் மாநில அரசின் பொறுப்பாகும். 1956-இல் தோன்றிய நமது என்.எல்.சி. மத்திய நிலக்கரி அமைச்சகத்தைச் சேர்ந்தது. ஆயினும் சுரங்கத்தைச் சுற்றியுள்ள வயல்களின் கணக்கு தமிழக அரசிடமே உள்ளது.

நிலக் கணக்கைக் காப்பது வருவாய்த் துறை. சென்னை எழிலகத்தில் நில நிர்வாக ஆணையர், மாவட்டத்தில் கலெக்டர், கோட்டத்தில் கோட்டாட்சியர், வட்டத்தில் தாசில்தார், பிர்க்காவில் வருவாய் ஆய்வாளர் என ஏணிப்படி போல் இது இறங்கி வருகிறது. கடைசிப் படியில் இருப்பவர் கிராம நிர்வாக அலுவலர். 1980-இல் பழைய கர்ணம், முன்சீப் பதவிகள் நீக்கப்பட்ட பின் வந்த பதவி இது. பத்திரம் பதியும் சார்பதிவாளரோ வேறு துறையினர். அவர் வணிகவரி மற்றும் பதிவுத் துறையைச் சேர்ந்தவர். பத்திரம் வேறு, பட்டா வேறு என்பதை மறவாதீர்!

கூட்டுறவு, உணவு மற்றும் நுகர்வோர் பாதுகாப்புத் துறை மற்றொன்று. இதில் கூட்டுறவுச் சங்கங்களின் பதிவாளர் தலைமை அதிகாரி. அவருக்குக் கீழே மண்டலத்தில் இணைப்பதிவாளரும் சரகத்தில் துணைப்பதிவாளரும் உள்ளனர். இவர்கள் சங்கத்தைப் பதிவு செய்து கண்காணிப்பவர்களே. சங்கத்தின் சொந்தக்காரர்கள் அதன் உறுப்பினர்கள். கடன் பணம் சென்னையிலுள்ள தலைமைக் கூட்டுறவு வங்கி, மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, கிராமத்தின் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கம் என மூன்று படிகளில் வருகிறது. பால் சங்கங்களும் நெசவாளர் சங்கங்களும் தத்தம் துறை அதிகாரிகளின் பார்வையில் இயங்குகின்றன. 2021 ஜூலையில் மத்திய அரசும் கூட்டுறவுக்கெனத் தனி அமைச்சகம் கண்டது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்கள் அதன் பொறுப்பில் உள்ளன.

இவையெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த ஊர்கள் நம்மைச் சுற்றிலும் உள்ளன. நிலம் எடுக்கப்படும்போது இழப்பீட்டுக்கு உரியவர் யார் என்று முதலில் பார்ப்பது வருவாய்க் கணக்கையே. அங்கே இறந்தவர் பெயர் இருந்தால் உயிரோடு இருப்பவர் அலைய வேண்டியதுதான்.

பாட்டியின் காகிதங்களைப் பார்த்த அப்பா, “சங்கத்தில் கேட்டுப் பயனில்லை, முதலில் வருவாய்த் துறைக்குப் போக வேண்டும்” என்றார். வாரிசுச் சான்றிதழ் பெற்று, இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தோம். சில மாதங்களில் பாட்டி, மாமா, அம்மா மூவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வந்தது. மகனைப் போலவே மகளும் வாரிசு அல்லவா! தன் பெயரை அதில் கண்ட அம்மா அக்காகிதத்தை இருமுறை படித்தார். பாட்டியின் கடன் மனுவும் இப்போது சங்கத்தில் ஏற்கப்பட்டுள்ளது.

தோழியரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்றதும் உங்கள் குடும்பப் பட்டாவை ஒருமுறை கேட்டு வாங்கிப் படியுங்கள். அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.