ஆள் வரக் கண்டு எரியும் விளக்கு

தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் தென்மேற்கே அமைந்துள்ளது சாயர்புரம். 1842-ஆம் ஆண்டில் ஜி. யு. போப் வந்து கல்விப் பணி தொடங்கிய இவ்வூர் இன்று ஒரு பேரூராட்சி. இத்தகைய ஊர்களில் கடைத்தெருவும் பேருந்து நிறுத்தமும் இரவு முழுவதும் ஒளி பெறவேண்டும். அங்கே சிக்கனம் பார்த்தல் தகாது. ஆனால் தொழுவம், மோட்டார் அறை, கிணற்றடி, பொதுக் கழிப்பிடத்துக்குச் செல்லும் பாதை ஆகியவற்றில் ஆள் நடமாட்டம் சிறிது நேரமே. அங்கே அசைவை உணர்ந்து எல்.இ.டி. விளக்கை எரியச் செய்யும் சென்சார் கருவி பயன்படும். சோடிய விளக்கு முழு ஒளி தரச் சில நிமிடங்கள் ஆகும், எல்.இ.டி.யோ உடனே ஒளிரும்.

இதனால் விளையும் மிச்சத்தைக் கணக்கிடுவோம். 20 வாட் விளக்கு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் 30 நாட்களில் 7.2 யூனிட் செலவாகும். மொத்தம் ஒரு மணி நேரமே எரிந்தால் 0.6 யூனிட். கருவி எப்போதும் அரை வாட் கொள்வதாக வைத்துக்கொண்டாலும், இரண்டும் சேர்ந்து ஒரு யூனிட்டைத் தாண்டா.

கம்பி இணைக்கும் முறையை அறிதல் அவசியம். ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் கருவிக்குள் செல்லும். கருவியின் மூன்றாம் முனையிலிருந்து புறப்படும் கம்பி விளக்குக்குச் செல்லும். விளக்கின் மற்றொரு முனை நியூட்ரலுடன் நேராகச் சேரும். ஃபேஸுக்குப் பதிலாக நியூட்ரலைக் கருவி துண்டிக்குமாறு இணைத்தால், அணைந்த விளக்கிலும் மின்சாரம் நிற்கும். பழுது பார்ப்பவரின் உயிருக்கு ஆபத்து நேரும். ஆதலால் உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டே, மெயின் சுவிட்சை அணைத்தபின் இவ்வேலையைச் செய்விக்க வேண்டும். உலோக விளக்குக்கு எர்த்து இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சும் இன்றியமையாதவை. கடற்கரையை அடுத்த ஊர்களில் உப்புக் காற்றினால் முனைகள் களிம்பேறும், எனவே ஐ.பி. 65 என்று குறித்த மூடிய சாதனங்களையே வாங்குதல் நலம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கருவியைப் பொருத்தும் இடம். உடலினின்று வரும் வெப்பக் கதிர் இடம் மாறுவதைக் கொண்டே அது ஆளை அறிகிறது. நேரே எதிர்கொண்டு வருபவரைக் காட்டிலும் குறுக்கே கடப்பவரை விரைவில் உணரும். எனவே பாதையின் பக்கவாட்டில், இரண்டு முதல் மூன்று மீட்டர் உயரத்தில் பொருத்துவது நன்று. இரவில் கழிப்பிடத்துக்குச் செல்லும் பெண், இருளில் அடி எடுத்து வைத்த பிறகு விளக்கு எரிந்து பயனில்லை. பூச்சிபொட்டு கிடப்பது முன்னரே தெரியவேண்டும். காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது கருவியின் உணர்வு குறையும். ஆகையால் சித்திரை, வைகாசி இரவுகளில் பாதையின் தொடக்கத்திலிருந்து நடந்து பார்த்துச் சோதித்தல் வேண்டும். சோதனையில் தவறும் இடத்தில் மற்றொரு கருவி சேர்க்கலாம்; அல்லது சிறிய விளக்கொன்றை இரவெல்லாம் எரியவிடலாம்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் விலைப்பட்டியலைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாமல், இரவில் ஒருமுறை அப்பாதையில் நடந்து பார்த்து இடத்தைக் குறிப்பார்களாக. மின்சாரம் மிச்சமாவது நன்மையே; ஆயினும் நடப்பவர் காலடிக்கு முன் ஒளி விழுவதே விளக்கின் முதற்கடமையாகும்.