அம்மாவோட தோள்வலிக்கு மாசம் எவ்வளவு போகுது? வீட்டுலயே கத்துக்கிற கணக்கு

சங்கரன்கோவில்ல பல தெருக்கள்ல விசைத்தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். அறுந்த இழையைக் குனிஞ்சு குனிஞ்சு முடிஞ்சே வருஷங்களை ஓட்டின அப்பா அம்மாவுக்குத் தோளும் இடுப்பும் இறுகிப் போறதுல ஆச்சரியமில்ல. சென்னையில லேப்டாப் முன்னால உக்காந்து அதே வலியை நீங்களும் வாங்கிக்கிட்டு இருப்பீங்க.

இதுக்கு பிசியோதெரபிஸ்ட்டுங்க செய்யிற ஒரு கைமுறை, மயோஃபேசியல் ரிலீஸ். தசையைச் சுத்தி ஒரு மெல்லிய உறை இருக்கு, பேரு ஃபேசியா. இறுகின இடத்துல எண்ணெய் இல்லாம, மெதுவா அழுத்தி ஒன்றரை, ரெண்டு நிமிஷம் பிடிச்சிருப்பாங்க. வலி கொஞ்ச நாளைக்குக் குறையும், அசைவு லேசாகும். நிரந்தரமா குணமாகும்னு சொல்றவங்களை நம்பாதீங்க.

இப்போ கணக்கு. ஒரு சிட்டிங் 400 ரூபாய்னு வெச்சுக்கோங்க. வாரத்துக்கு ரெண்டு, ஆறு மாசத்துக்கு 52 சிட்டிங், அதாவது 20,800 ரூபாய். சாதாரண மெடிக்ளெய்ம்ல இது வராது. அட்மிட் ஆனாத்தான் அது பணம் கொடுக்கும், ஓ.பி. கவர் தனியா எடுத்திருக்கணும்.

இதையே இப்படி மாத்துங்க. மூணு சிட்டிங் மட்டும் போங்க, அம்மாகூட நீங்களும் போங்க. "எந்த இடம், எவ்வளவு அழுத்தம், எங்க கை வைக்கவே கூடாது"ன்னு கேட்டு, அவர் முன்னாலயே செஞ்சு காட்டித் திருத்திக்கோங்க. 1,200 ரூபாய், கூட ஒரு டென்னிஸ் பந்து. ஊருக்கு வர்ற சனி, ஞாயிறு நீங்க செய்யலாம். மத்த நாள் அம்மாவே முதுகுக்கும் சுவருக்கும் நடுவுல பந்தை வெச்சு சாஞ்சுக்கலாம். முதுகெலும்பு மேல மட்டும் பந்து வரக்கூடாது. பத்துக்கு அஞ்சுக்கு மேல வலிச்சா அழுத்தத்தைக் குறைக்கணும்.

ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, எலும்புத் தேய்மானம் உள்ளவங்க, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறவங்க, கை கால் மரத்துப் போறவங்க இதைத் தொடவே வேண்டாம், முதல்ல டாக்டர். அங்க மிச்சம் பிடிச்சா பின்னால பெருசா செலவாகும்.

ரெண்டு நாள் கோர்ஸ், சர்டிஃபிகேட், சைடு இன்கம்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. பிசியோதெரபி இப்போ 2021-ம் வருஷச் சட்டத்துக்குக் கீழ வருது. அதைத் தொழிலா செய்ய முறையான படிப்பும் பதிவும் வேணும். வீட்டு ஆளுங்களுக்குச் செய்ய அந்த சர்டிஃபிகேட் எதுக்கு?

செலவே இல்லாத வழியும் இருக்குங்க. சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ளயா? பே ஸ்லிப்ல 0.75% இ.எஸ்.ஐ. பிடிப்பாங்க. 18,000 சம்பளத்துக்கு 135 ரூபாய். உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மாவுக்கும் ஓ.பி. சிகிச்சை அதுல உண்டு, ஆனா அவங்க பேரைச் சேர்த்திருக்கணும். பலர் சேர்க்கிறதே இல்ல! அப்புறம், 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு ஆரம்பிச்ச 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல, தேவைப்படுறவங்களுக்கு வீட்டுக்கே வந்து இலவசமா பிசியோதெரபி கொடுக்கிறாங்க. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதிஞ்சுட்டு வந்துடுங்க.