டிஸ்க்கில் இடமிருந்தும் 'இடமில்லை' என்பது ஏன்?

ஹார்ட் டிஸ்க் பாதி காலி. ஆனாலும் யூனிக்ஸ் சர்வர் 'நோ ஸ்பேஸ் லெப்ட் ஆன் டிவைஸ்' என்கிறதா? அவசரப்பட்டு பைல்களை அழிக்காதீர்கள்.

ஒரு புரோகிராம் மற்றொன்றுக்கு அனுப்பும் செய்திகள் காத்திருக்கும் வரிசையே மெசேஜ் க்யூ. இது டிஸ்க்கில் அல்ல, கெர்னலின் மெமரியில் உள்ளது. க்யூக்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பழைய லினக்ஸில் 16. இப்போது பொதுவாக 32,000. வரம்பு முடிந்தாலும் இதே செய்திதான் வரும். புரோகிராம் நின்றாலும் அதன் க்யூ தானாக நீங்காது; அப்படியே சேர்ந்துவிடும்.

எங்கள் தாராசுரம் பக்கம் வயலில் தண்ணீர் தேங்கினால் வரப்பை உயர்த்த மாட்டார்கள், வடிகாலைப் பார்ப்பார்கள். நானும் வரம்பைக் கூட்டும் முன் 'ஐபிசிஎஸ்' கட்டளையைக் கொடுத்துப் பார்ப்பேன். க்யூவின் உரிமையாளர், தேங்கிய செய்திகள் எல்லாம் தெரியும். செய்திகள் குவிந்திருந்தால், அவற்றை எடுக்க வேண்டிய புரோகிராம் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். யாருக்கும் தேவையில்லை என்று உறுதியான க்யூவை மட்டும் 'ஐபிசிஆர்எம்' கட்டளையால் நீக்கலாம்.

சர்வரை ரீபூட் செய்தாலும் பிழை மறையும். ஆனால் க்யூவில் காத்திருந்த செய்திகளும் போய்விடும். அதில் ஒருவரது பணப் பரிமாற்றத் தகவலும் இருக்கலாம்.

உங்கள் கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்தால், டெர்மினலில் 'ஐபிசிஎஸ்' கொடுத்துப் பாருங்கள். பார்ப்பதால் எதுவும் கெடாது.